லைலாக் பூக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

மே மாதம் பாதி கழிந்ததும் டொரண்டோவில் எந்தத் தெருவில் நடந்தாலும் லைலாக் வாசம் எதிரே வரும். மாதக்கணக்கில் மொட்டைக் கிளைகளையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்த இளம் ஊதாக் கொத்துகள் பெரிய ஆறுதல். அதே நாளில் நம் வீட்டுச் செடி மட்டும் பச்சைப் பசேலென்று இலையோடு நின்றால் மனம் எவ்வளவு சோர்ந்துபோகும் என்று எனக்குத் தெரியும். டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் இந்த வீட்டுக்கு வந்தபின் நான்கு மே மாதங்கள் எனக்கு அப்படித்தான் கழிந்தன.

காரணம், ஊரிலிருந்து நான் கொண்டுவந்த பழக்கம். திருமங்கலம் பக்கம் அப்பா அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருந்தார். நவம்பர் கடைசியில் கவாத்து செய்வார். மாசி பிறக்கும்போது புதுத் தளிர் அடித்து, அதன் நுனியில் மொட்டு வைக்கும். புதுத் தளிரில் பூக்கிற செடி என்பதால், துணிந்து வெட்டினால் துணிந்து பூக்கும். லைலாக்கும் மல்லிகையும் ஒரே ஆலிவ் குடும்பம். பவளமல்லியும் அதே குடும்பம்தான். அந்த உறவை நம்பி, ஒவ்வோர் ஆண்டும் இலை உதிர்ந்ததும் லைலாக்கை ஒட்ட வெட்டினேன். ஆனால் லைலாக் போன ஆண்டு வளர்ந்த கிளையில் பூக்கிற செடி. நான் வெட்டிக் குப்பைப் பையில் போட்ட ஒவ்வொரு நுனியிலும் அடுத்த மே மாதத்துப் பூ இருந்தது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். இங்கே சொல்லும் மாதங்கள் தெற்கு ஒன்டாரியோவுக்கு உரியவை. ஒட்டாவா போன்ற குளிர் கூடிய ஊர்களில் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

செடி செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: கடைசியாக எப்போது வெட்டினீர்கள்?

ஜூன் தொடக்கத்தில் பூங்கொத்து காய்ந்ததும் அதற்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் புதுக் கிளைகள் கிளம்பும். கோடை முடிவதற்குள் அவற்றின் நுனியில் அடுத்த ஆண்டின் பூமொட்டு உருவாகிவிடும். பிறகு குளிர்காலம் முழுவதும் அந்த மொட்டு மூடியபடி காத்திருக்கும். ஆகவே லைலாக்கை வெட்ட நமக்குக் கிடைப்பது பூ வாடியதிலிருந்து மூன்று, நான்கு வாரங்கள்தான். கனடா தினமான ஜூலை 1-ஐ நான் எல்லையாக வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு, செத்த கிளையையோ நோய்பட்ட கிளையையோ தவிர வேறெதிலும் கத்தரி வைப்பதில்லை.

வெட்டியது நினைவில்லை என்றால் செடியே சொல்லிவிடும். நவம்பரில் இலை உதிர்ந்ததும் கிளைநுனிகளைப் பாருங்கள். சாதாரண லைலாக்கில் நுனியில் பெரும்பாலும் இரண்டு மொட்டுகள் ஜோடியாக இருக்கும். அவை பருத்து உருண்டிருந்தால் பூமொட்டு. ஒடுங்கிக் கூராக இருந்தால் இலைமொட்டு. பருத்த மொட்டே கண்ணில் படவில்லை என்றால் அந்தக் கோடையில் பூ உருவாகவே இல்லை. நிழலையும் உரத்தையும் சந்தேகப்படுங்கள். நவம்பரில் பருத்த மொட்டு இருந்தும் மே மாதம் பூ வரவில்லை என்றால் இடையில் பனியோ முயலோ கத்தரியோ புகுந்திருக்கிறது. மே மாதம் வரை காத்திராமல் ஆறு மாதம் முன்பே விடை கிடைப்பதால் இந்தச் சோதனையை நான் ஓர் ஆண்டும் விடுவதில்லை.

அடுத்து வயது. நட்டு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை லைலாக் பூக்காமல் இருப்பது இயல்பு. நாற்றங்காலில் வாங்கும்போது தொட்டியில் பூத்திருந்த செடிகூட, தரையில் நட்டபின் வேர் பரப்புவதற்காக இரண்டொரு ஆண்டு பூவை நிறுத்திவிடும். இதற்கு மருந்து கிடையாது. இடம் மாற்றி நட்டால் இந்தக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேராக விழ வேண்டும். இதைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள். ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை எட்டு மணியிலிருந்து மணிக்கொருமுறை போய்ப் பார்த்து, செடிமேல் வெயில் இருக்கிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீடு வாங்கியபோது வெட்டவெளியாக இருந்த இடத்தைப் பத்து ஆண்டில் பக்கத்து வீட்டு மேப்பிள் மூடியிருக்கும். தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்த மாற்றம் தெரிவதில்லை.

பிறகு உரம். நம்மவர்கள் அன்பின் மிகுதியால் அதிகம் தவறுவது இங்கேதான். கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றுகிற புளித்த மோர், அரிசி கழுவிய நீர், மீன் கழுவிய நீர் எல்லாம் லைலாக்குக்கும் போகும். மீன் நீரை ஊற்றினால் இரவில் ரக்கூன் வந்து தூரைத் தோண்டிவிடும் என்பது ஒருபுறம். லைலாக்குக்குத் தழைச்சத்து கூடினால் இலையும் தண்டும்தான் வளரும், பூ குறையும் என்பது மறுபுறம். அதைவிடப் பெரிய காரணம் புல்தரைக்குத் தூவும் உரம். பையின்மேல் 30-0-3 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும்; முதல் எண் தழைச்சத்து. லைலாக்கின் வேர் புல்தரைக்கு அடியில் வெகுதூரம் ஓடுவதால், நீங்கள் புல்லுக்குப் போட்டதை அதுவும் உண்ணும். தூரிலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டு மீட்டர் தூரத்துக்குப் புல்லுரம் போடுவதை நிறுத்துங்கள். லைலாக்குக்கு ஆண்டுக்கொரு முறை வசந்தத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்கிய உரம் பரப்பினால் போதும்.

சுண்ணாம்பு போடுங்கள், அடுப்புச் சாம்பல் போடுங்கள் என்று ஒரு பழைய அறிவுரை உண்டு. அமிலத்தன்மை கூடிய மண்ணுக்கு அது பொருந்தும். டொரண்டோவைச் சுற்றியுள்ள மண் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் கலந்தது. ஏற்கெனவே காரப் பக்கம் சாய்ந்திருக்கும். மண்ணைச் சோதிக்காமல் சுண்ணாம்பு போட வேண்டாம். மண்ணின் அமில-கார அளவான பி.எச். 6.5-க்கும் 7.5-க்கும் இடையில் இருந்தால் லைலாக்குக்கு நிறைவு.

கடைசியாகப் பனி. ஏப்ரலில் சில நாள் திடீரென்று வெயில் காய்ந்து மொட்டு விரிந்துவிடும். மறு வாரமே உறைநிலைக்குக் கீழே ஓர் இரவு போகும். மொட்டு பழுப்பாகி, விரலால் நசுக்கினால் தூளாகும். அந்த ஆண்டு பூ அவ்வளவுதான். ஆண்டுதோறும் இப்படி ஆகிற பள்ளமான இடமென்றால் தாமதமாகப் பூக்கும் வகைக்கு மாறலாம். ஒட்டாவாவின் மத்தியப் பரிசோதனைப் பண்ணையில் 1920 முதல் பணியாற்றிய இசபெல்லா பிரெஸ்டன் உருவாக்கிய லைலாக் வகைகள், சாதாரண லைலாக்கைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் பிந்திப் பூக்கின்றன. கனடாவின் குளிரை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை அவை. வாசம் சற்று வேறு மாதிரி இருக்கும். வாங்குமுன் முகர்ந்து பாருங்கள்.

சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் உறவினர்கள் கன்று கேட்பதுண்டு. லைலாக்கின் மொட்டு விழிக்க நீண்ட குளிர்காலம் வேண்டும். அது இல்லாத ஊரில் செடி இருந்தாலும் பூக்காது. இந்தியாவில் லைலாக் காண வேண்டுமென்றால் மேற்கு இமயமலைக்குப் போக வேண்டும். அங்கே தானாக வளரும் லைலாக் இனமே ஒன்று உண்டு.

பூ தலைக்குமேல் மட்டும் பூக்கிறது, கீழே வெறும் கட்டை

பழைய வீடு வாங்கியவர்களுக்கு இது வாய்க்கும். நான்கு மீட்டர் உயரத்தில் பூ. கண்ணுக்கு நேரே சாம்பல் நிறத் தண்டுகள். முகர்ந்து பார்க்க ஏணி வேண்டும்.

மேலே கிராப்பு வெட்டுவதுபோல் சமமாக வெட்டிவிடாதீர்கள். வெட்டிய இடத்தில் துடைப்பம்போல் கிளைத்து, பூவும் போய்விடும். வேலை தூரில்தான். மணிக்கட்டைவிடப் பருத்த முதிய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையோடு அறுத்து எடுங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு பங்கு. மூன்றாம் ஆண்டு மிச்சம். அதற்குள் தூரிலிருந்து கிளம்பும் இளந்தண்டுகளில் வலுவான நான்கைந்தைத் தள்ளித் தள்ளி விட்டுவைத்து மற்றவற்றை நீக்கினால், செடி மூன்று ஆண்டில் முழுக்கப் புதிதாகிவிடும். இடையில் ஓர் ஆண்டுகூடப் பூவில்லாமல் போகாது. இந்த ஒரு வேலையை மட்டும் மார்ச் கடைசியில், இலை வருமுன் செய்வது எளிது. எந்தத் தண்டு எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரியும். அறுக்கும் தண்டில் இருக்கிற மொட்டுகள் போகும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடும் முறையும் உண்டு. செடி பிழைத்துக்கொள்ளும், ஆனால் மீண்டும் பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஒட்டுச்செடியாக இருந்தால் அடிச்செடி மட்டும் தழைத்து, மேலே இருந்த லைலாக் அழிந்தே போகலாம். பொறுமையான மூன்றாண்டு முறையையே நான் சொல்வேன்.

எல்லா வயதுத் தண்டும் கலந்த புதர் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க ஆசையிருந்தால், ஹாமில்டனுக்கும் பர்லிங்டனுக்கும் இடையிலுள்ள ராயல் பொட்டானிக்கல் கார்டன்ஸில் லைலாக்குக்கென்றே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மே பிற்பகுதியில் போங்கள். பூவைப் பார்த்து முடித்ததும் குனிந்து தூரையும் பாருங்கள்.

மே மாதம் இளந்தளிர் கருகிக் கொக்கிபோல் வளைகிறது

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று பனி. மற்றது பாக்டீரியாக் கருகல்.

பனியில் கருகியது ஒரே இரவில் நடந்திருக்கும். செடியின் வெளிப்பக்கத் தளிர்களில் பரவலாக, ஒரே அளவில் தெரியும். அதற்குமேல் பரவாது, இரண்டு வாரத்தில் கீழிருந்து புதுத் தளிர் வரும். கருகலில் அப்படியில்லை. இங்கொன்று அங்கொன்றாகத் தொடங்கும். இலையில் பழுப்புப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். தண்டின் ஒரு பக்கமாகக் கறுப்புக் கோடு கீழ்நோக்கி இறங்கும். குளிர்ந்த மழைநாள் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகப் பரவும். மொட்டுக்கொத்தும் கறுத்துத் தொங்கிவிடும்.

இந்தப் பாக்டீரியாவின் அறிவியல் பெயர் சூடோமோனாஸ் சிரிங்கே. லைலாக்கின் தாவரவியல் பெயரான சிரிங்காவிலிருந்து வந்த பெயர். முதன்முதலில் நோய்பட்ட லைலாக்கிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார்கள். பனிக்கும் இதற்கும் ஓர் உறவு இருக்கிறது. சுத்தமான நீர்த்துளி உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனாலும் பனிக்கட்டியாகாமல் நிற்கக்கூடும். இந்தப் பாக்டீரியாவின் சில வகைகளின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதம், மைனஸ் 2 டிகிரி அளவிலேயே நீரை உறையவைத்துவிடும். பனிச்சறுக்கு மைதானங்களில் செயற்கைப் பனி உண்டாக்க இந்தப் புரதத்தைப் பயன்படுத்துகிறார்கள். லைலாக் இலையில் இது நடக்கும்போது, இளந்திசு கிழிந்து, அந்தக் காயம் வழியாகவே பாக்டீரியா உள்ளே புகும். அதனால் பனி விழுந்த மறு வாரம் குளிர்மழை பெய்தால் இரண்டும் சேர்ந்தே வரும் என்று எதிர்பாருங்கள்.

கருகல்தான் என்று உறுதியானால், மழையில்லாத, செடி காய்ந்திருக்கும் நாள் பார்த்து, கறுப்பு முடியும் இடத்திலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, 25 முதல் 30 சென்டிமீட்டர் கீழே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இதைச் சலித்துக்கொண்டு விட்டால், நோயைக் கிளைக்குக் கிளை நாமே நட்டதாகும். வெட்டியதை மட்குக் குழியில் போடாமல், நகராட்சி எடுத்துச் செல்லும் தோட்டக் கழிவுப் பையில் கட்டிவிடுங்கள். அந்த ஆண்டு தழைச்சத்து உரம் எதுவும் கூடாது; இளசாகத் தளதளவென்று வரும் தளிரைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கும்.

கோடையில் ஒரு தண்டு மட்டும் வாடுகிறது

மற்ற தண்டுகள் நன்றாயிருக்க, ஒன்று மட்டும் ஜூலை வெயிலில் தலை தொங்கினால் அந்தத் தண்டைத் தரையிலிருந்து இடுப்புயரம் வரை தடவிப் பாருங்கள். மிளகு நுழையும் அளவில் ஓட்டையும், அதன் கீழே மரத்தூளும் இருந்தால் தண்டுத்துளைப்பான். இதன் தாய் ஓர் அந்துப்பூச்சி. ஆனால் பார்ப்பதற்குக் குளவியைப்போலவே இருக்கும், பகலில் பறக்கும். மே, ஜூன் மாதங்களில் பட்டை வெடிப்பிலும் காயத்திலும் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து, அங்கேயே குளிர்காலத்தைக் கழித்து, அடுத்த வசந்தத்தில் பூச்சியாக வெளிவரும்.

ஓட்டை ஒன்றிரண்டுதான் என்றால் மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் புழுவைக் குத்திவிடலாம். ஊரில் தென்னைக் காண்டாமிருக வண்டுக்குச் செய்வதுபோல. ஓட்டை நிறைய இருந்தால் தண்டைத் தரையோடு அறுங்கள். ஏப்ரலுக்குள் அறுத்து அப்புறப்படுத்திவிட வேண்டும். தாமதித்தால் பூச்சி வெளிவந்து அடுத்த தண்டுக்குப் போய்விடும். முதிர்ந்து பருத்த தண்டையே இது விரும்பும் என்பதால், மேலே சொன்ன மூன்றாண்டுக் கவாத்துதான் இதற்கான காப்பும். புல்வெட்டும் இயந்திரம் தூரில் இடித்துக் காயப்படுத்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டையே இல்லாமல் ஒரு பக்கம் வாடினால் வெர்டிசிலியம் வாடல் நோயாக இருக்கலாம். மண்ணிலிருந்து வரும் பூஞ்சை இது; வேர்வழி ஏறி நீர்க்குழாய்களை அடைக்கும். மருந்து இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நம் கொல்லைத் தோட்டங்களில் லைலாக்குக்குப் பக்கத்திலேயே கத்தரியும் தக்காளியும் போடுகிறோம். அவை இரண்டுமே இந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிற பயிர்கள். மண்ணில் இது பல ஆண்டு உயிரோடு கிடக்கும். காய்கறிப் பாத்தியை எட்ட வைத்துக்கொள்ளுங்கள். கத்தரி வாடிச் செத்த இடத்தில் லைலாக் நடாதீர்கள்.

தண்டில் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டியதுபோல் இருக்கிறது

பட்டையின் நிறத்திலேயே, எள்ளைவிடச் சற்று நீளமான சிப்பி வடிவில் அடைஅடையாக இருந்தால் அது செதில் பூச்சி. பலர் இதைப் பட்டை என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். நகத்தால் சுரண்டினால் உதிரும். உதிர்ந்த ஓட்டின் அடியில் குளிர்காலத்தில் வெண்ணிற முட்டைகள் இருக்கும்.

ஓட்டுக்குள் இருக்கும்போது எதைத் தெளித்தாலும் சரியாக எட்டாது. முட்டை பொரித்துக் குஞ்சுகள் தண்டில் ஊரும் சில நாட்கள்தான் வாய்ப்பு. அது மே கடைசியிலிருந்து ஜூன் முதல் பாதிக்குள், ஏறக்குறைய லைலாக் பூ வாடும் சமயம். இருபுறமும் ஒட்டும் டேப்பைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றிவைத்தால், வெளிர்மஞ்சள் தூள்போல் குஞ்சுகள் ஒட்டும். அன்றே பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலை மாலை வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. கொஞ்சமாக இருந்தால் தேங்காய் நாரால் தேய்த்தே எடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். பட்டை உரியாமல் தேய்க்க அதைவிட நல்ல கருவி கிடைத்ததில்லை.

மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒன்று. அழகுக்காகத் தோட்டத்திலும் புல்தரையிலும் பூச்சிமருந்து அடிப்பதை ஒன்டாரியோ 2009-இல் தடை செய்தது. சோப்பு, தோட்டக்கலை எண்ணெய், கந்தகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இடமுண்டு. ஊரிலிருந்து பெட்டியில் மருந்து கொண்டுவந்து அடிப்பது சட்டப்படியும் தவறு, பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் கேடு.

இலைமேல் வெள்ளைப் பொடி

ஆகஸ்டில் இலைமேல் திருநீறு தூவியதுபோல் தெரிந்தால் சாம்பல் நோய். எனக்கு இதைப் பற்றித்தான் அதிகம் கேள்வி வருகிறது. ஆனால் இந்தப் பட்டியலிலேயே கவலைப்படத் தேவையில்லாதது இதுதான். இலை உதிரும் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. அடுத்த ஆண்டுப் பூவைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பொடி தெரிந்தபின் எதைத் தெளித்தாலும் அந்த இலை பழையபடி ஆகாது. தூரில் நெருக்கத்தைக் குறைத்துக் காற்றோட விடுங்கள். பார்க்கப் பொறுக்கவில்லை என்றால் அடுத்த முறை ‘மிஸ் கிம்’ போன்ற கொரிய வகையை வாங்குங்கள். அதில் இது அரிது.

இலையில் பழுப்புத் திட்டு. பிறகு செப்டம்பரில் பூ

இரண்டு வகைத் திட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். ஜூன் வாக்கில் இலையில் கொப்புளம்போல் பழுப்புத் திட்டு விழுந்து, பிறகு இலைநுனி பீடிபோல் சுருண்டால் உள்ளே குட்டிப் புழுக்கள் இருக்கும். பிரித்துப் பார்த்தாலே தெரியும். சுருண்ட இலைகளைக் கிள்ளி நசுக்கிவிடுங்கள். அழகு கெடும், அவ்வளவுதான்.

மழை மிகுந்த கோடையில் சிறு புள்ளிகளாகத் தொடங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, இலை முழுக்கப் பழுப்பாகி ஆகஸ்டிலேயே கொட்டுவது பூஞ்சை இலைப்புள்ளி. இது சற்றுப் பெரிய விஷயம். இலையெல்லாம் முன்கூட்டியே கொட்டிய செடி, குளிர்காலம் வந்து போய்விட்டது என்று ஏமாந்து செப்டம்பரில் அங்கங்கே பூக்கும். பார்க்கிறவர்கள் மகிழ்ந்து படம் எடுப்பார்கள். ஆனால் அந்தக் கொத்துகள் அடுத்த மே மாதத்துக்காகச் செடி சேர்த்துவைத்தவை. வசந்தத்தில் அத்தனை கொத்து குறையும். உரம் போட்டு ஊக்கிவிடாதீர்கள். விழுந்த இலைகளை ஒன்று விடாமல் கூட்டி அகற்றுங்கள். பூஞ்சை அவற்றில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் தூரில் விடுங்கள்.

‘புளூமராங்’ என்ற பெயரில் விற்கும் வகை இயல்பாகவே இரண்டாம் முறை பூப்பது. உங்கள் செடி அதுவென்றால் செப்டம்பர்ப் பூவை மனநிறைவோடு ரசிக்கலாம்.

இலை மஞ்சளாகிறது

நரம்பு பச்சையாக இருந்து, நரம்புகளுக்கு இடையில் மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்து எட்டவில்லை. மண்ணில் காரம் கூடியிருக்கிறது. சுண்ணாம்பும் சாம்பலும் போட்டிருந்தால் நிறுத்துங்கள். இலை முழுவதுமே வெளிறி, செடி வளராமல் நின்றால் வேரடியில் தண்ணீர் தேங்குகிறது. லைலாக்கின் பூர்வீகம் பால்கன் பகுதியின் பாறைச் சரிவுகள். நின்ற நீர் அதற்கு ஆகாது. அஜாக்ஸ், மார்க்கம், பிராம்டன் பக்கம் புதிதாக வீடு கட்டிய இடங்களில் மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டுக் களிமண்மேல் புல்லை விரித்திருப்பார்கள். செடிக்கருகே ஒரு முழங்கால் ஆழம் தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மீண்டும் நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய நீர் நான்கைந்து மணி நேரத்துக்குப் பிறகும் நின்றால் அந்த இடம் சரியில்லை. அருகிலேயே ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி, செடியை அதன்மேல் ஏற்றி நடுங்கள். அந்த வேலையை இலை வருமுன் ஏப்ரலிலோ, இலை உதிரும் அக்டோபரிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

தெருப்பக்க இலைகள் மட்டும் ஓரம் தீய்ந்திருந்தால் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு. பனி உருகியதும் அந்தப் பக்கத்து மண்ணில் நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். வீட்டு நடைபாதையில் சுரண்டி எடுத்த உப்புப் பனியைச் செடிமேல் குவிக்காதீர்கள்.

வெட்டி வைத்த பூ ஒரே நாளில் துவண்டுவிடுகிறது

விடியற்காலையில், கொத்தில் பாதிக்கு மேல் விரிந்ததும் வெட்டுங்கள். மொட்டாக வெட்டினால் வீட்டுக்குள் விரியாது. இலைகளை எல்லாம் உருவிவிடுங்கள். மரத்தண்டு என்பதால் அடிப்பகுதியைக் கத்தியால் பிளந்துவிட்டு, ஆழமான நீரில் சில மணி நேரம் இருட்டறையில் வைத்தபின் ஜாடிக்கு மாற்றினால் மூன்று, நான்கு நாள் நிற்கும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இதைச் சரமாகத் தொடுத்துப் பார்த்தார். காம்பு மெல்லியது, நாரில் இறுகியதும் துவண்டுவிட்டது. கொத்தாகவே சுவாமி படத்தருகே வைத்தார். பூஜை அறை முழுக்க வாசம்.

தூரைச் சுற்றிக் கன்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன

முதலில் கன்றின் இலையைப் பாருங்கள். தாய்ச்செடியைப்போல் அகன்று, இதய வடிவில் இருந்தால் அதுவும் லைலாக். சிறுத்து நீளவாக்கில் இருந்தால் பிரிவெட் என்னும் வேலிச்செடி. முன்பு லைலாக்கை அதன்மேல் ஒட்டுக்கட்டி விற்பது வழக்கம். பிரிவெட் கன்றை விட்டுவைத்தால் நாளடைவில் மேலே உள்ள லைலாக்கை அமுக்கிவிடும். தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாக வரும். மண்ணைத் தள்ளி, வேரில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து பிய்த்தெடுங்கள்.

லைலாக் கன்றே என்றால் அதை எறிய வேண்டாம். ஏப்ரல் நடுவில், மொட்டு விரியுமுன், பென்சில் பருமனுள்ள கன்றாகப் பார்த்து, மண்வெட்டியால் தாய்வேரிலிருந்து துண்டித்து, வேரோடு ஒரு கைப்பிடி மண் சேர்த்து எடுங்கள். எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவருக்கு மூன்று ஆண்டு முன் அப்படி ஒன்று கொடுத்தேன். “பசளை போடட்டே தம்பி?” என்று உரத்தைப் பற்றிக் கேட்டார், வேண்டாம் அக்கா, முதல் கோடையில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் மட்டும் போதும் என்றேன். எடுத்த ஆழத்திலேயே நடச் சொன்னேன். மேல் வேர் ஆழமாகப் புதைந்தால் செடி தேங்கிவிடும். முயல் கடிக்காமல் முதல் இரண்டு குளிர்காலத்துக்குக் கம்பிவலை சுற்றினார். போன நவம்பரில் என்னைக் கூப்பிட்டு நுனிகளைக் காட்டினார். நான்கு நுனிகளில் மொட்டு ஜோடியாகப் பருத்திருந்தது. ஜூலை 1-க்குப் பிறகு அதில் யாரும் கத்தரி வைக்கவில்லை.